கால்வாசிக் கூரை

ஜூன் 4, புதன்

காலையில் ப்ரெடா ஒரு தடித்த கோப்பை என் மேசையில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் காபி இயந்திரத்தின் பக்கம் நழுவினாள். நிறுவனத்தின் தலைவியே நழுவுகிறாள் என்றால் விஷயம் நல்லதாக இருக்காது. பிரித்தேன். யெலோவெட்ஸ் நகராட்சியின் புது நீச்சல் குளம். முட்டை ஓடு மாதிரி வளைந்த கான்கிரீட் கூரை, எங்கள் பேச்சில் மெல்லோடு, நாற்பது மீட்டர் அகலம், தடிமன் ஓர் உள்ளங்கை அகலம்தான். நான்கு மூலையில் நான்கு தாங்கல், நடுவில் ஒன்றுமில்லை. மறுபரிசோதனைக்கு எங்களிடம் வந்திருக்கிறது. கணக்கிட்டவர்: டாக்டர் ஸ்ரெச்கோ வொடுஷெக்.

"வேற ஆளே கிடைக்கலையா?" என்றேன்.

"இந்த மாதிரி மெல்லோடு நெளிஞ்சு மடங்கி விழற வரைக்கும் கணக்குப் போடத் தெரிஞ்சவங்க இந்த நாட்டுல எத்தனை பேரு, மிலோய்கா? நீ ஒருத்தி. அவரு ஒருத்தரு. மூணாவது ஆளு போப்ரெஷ்யே கல்லறையில படுத்திருக்காரு."

மூன்றாவது ஆள் எங்கள் இருவருக்கும் பேராசிரியர். இருந்தபோதும் எனக்கு உதவவில்லை, போயும் உதவவில்லை.

ஜூன் 5

எழுதிவைக்கிறேன், வயிற்றெரிச்சல் கொஞ்சமாவது அடங்கட்டும்.

இந்த வேலையில் கூரையைக் கணினிக்குள் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டுவோம். ஒவ்வொரு கட்டமும் எப்படி வளையும், எப்படி முறுகும் என்று ஒரு விதி எழுதுவோம். லேசாக வளையும்போது எல்லாக் கட்டமும் உண்மைதான் சொல்லும். நிறைய வளைந்து மடங்கும்போது பாதிக் கட்டங்கள் பொய் சொல்ல ஆரம்பித்துவிடும். பொய் சொல்லாத கட்டம் ஒன்றை இருபத்தெட்டு வருஷத்துக்கு முன் ல்யுப்ளியானாப் பல்கலைக்கழகத்தில் ஒரே மேசையில் உட்கார்ந்து நானும் அந்த வொடுஷெக்கும் உருவாக்கினோம். அதைத் தன் பெயரில் மட்டும் வெளியிட்டான். ஏன் என்று கேட்டதற்கு, என் பாதியில் ஒரு குறிப் பிழை இருந்ததாம். கூட்டல் வரவேண்டிய இடத்தில் கழித்தலாம். அதைக் கண்டுபிடித்துத் திருத்தவே மூன்று மாதம் ஆகிவிட்டதாம், ஆகவே முழுவதும் அவனுடையதாம். ஊர் ஊராகக் கருத்தரங்கில் இதைச் சிரிப்புக் கதையாக வேறு சொல்லியிருக்கிறான்.

இன்று உலகத்தில் பாதிப் பேர் பயன்படுத்தும் நிரலில் அந்தக் கட்டத்தின் பெயர் 'வொடுஷெக்'. ஒவ்வொரு கணக்கு தொடங்கும்போதும் பட்டியலைத் திறந்து அந்தப் பெயரை நான்தான் தேர்ந்தெடுக்கவேண்டும். தேர்ந்தெடுக்கும்போதெல்லாம் வாய்விட்டு ஒரு வசவு. அலுவலகத்தில் எல்லோருக்கும் பழகிவிட்டது. இன்றைய வசவு: கோட்டு போட்ட கழுதை.

ஜூன் 11

பிடித்துவிட்டேன். பிடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

அவன் கூரையை முழுசாகப் போடவில்லை. கால்வாசிதான் போட்டிருக்கிறான். கூரை நான்கு பக்கமும் ஒரே மாதிரி, பனியும் சமமாகத்தான் விழும், ஆகவே கால்வாசியைக் கணக்கிட்டால் மீதி முக்கால் கண்ணாடியில் தெரிவது போல அதே மாதிரி நடக்கும் என்ற நியாயம். நேரம் மிச்சம். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான், நானும் செய்திருக்கிறேன். கால்வாசியில், கட்டிட விதி சொல்லும் பனிப் பாரத்தைப் போல மூன்றேகால் மடங்கு தாங்கும் என்று வருகிறது. இரண்டரை இருந்தால் போதும். மேயருக்கு ஏக மகிழ்ச்சி.

ஆனால் கண்ணாடிப் பிரதி போட்டால் கூரையால் ஒருபக்கமாகச் சாயவே முடியாது. வலது பக்கம் அமுங்கினால் இடது பக்கமும் அமுங்கியே தீரவேண்டும் என்று நாமே கட்டிப்போட்டுவிடுகிறோம். மெல்லோடு அப்படியா விழும்? ஊறுகாய் பாட்டில் மூடியை அழுத்தினால் ஒரு ஓரம்தான் முதலில் 'டப்' என்று உள்ளே போகும். இது அவனுக்குத் தெரியாதா? தெரியும். திமிர்.

ஜூன் 18

யெலோவெட்ஸில் கூட்டம். மேயர், ப்ரெடா, கட்டிட வேலையை நடத்தும் ஃபிக்ரெட், எதிர்வரிசையில் அவன். தலை நரைத்து, கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்டுக்கொண்டு, ஆள் பெரிய மனிதனாகத்தான் தெரிகிறான். சண்டைக்கு முன் 'அடியே' என்பான். இப்போது மூச்சுக்கு மூச்சு 'நீங்க'. மரியாதையால் அடிக்கத் தெரிந்தவன்.

நான் பொறுத்திருக்கவேண்டும். முழுக் கூரையை ஓட்டிப் பார்த்துவிட்டுப் பேசியிருக்கவேண்டும். மேயர் எதிரிலேயே சொல்லிவிட்டேன்: "கால்வாசியை வெச்சு முழுக் கூரைக்குக் கையெழுத்துக் கேக்கறாரு. முழுசாப் போட்டா இது பாதி கூடத் தாங்காது."

அவன் கண்ணாடியை எடுத்துத் துடைத்தான். "போட்டுப் பாத்தீங்களா?"

"போடத்தான் போறேன்."

"போட்டுட்டே வாங்களேன் அம்மா. நாங்க காபி குடிச்சிட்டிருக்கோம்."

மேயர் சிரித்தார். ஃபிக்ரெட் கூட மீசைக்குள் சிரித்தான்.

ஜூன் 20

முழுக் கூரையும் ஓடி முடிந்தது. மூன்றேகால். அவன் எண்ணேதான். புள்ளிக்குப் பின்னாலும் அவன் எண்ணேதான்.

ஜூன் 24

தொலைபேசியில் அவனிடம் சொல்லவேண்டியிருந்தது, மறைக்க முடியாது. "முழுசு போட்டும் அதேதானா? உங்களுக்கு வேலையாவது மிச்சமாயிருக்கும், கால்வாசியோட நிறுத்தியிருந்தா" என்றான். அந்தச் சிரிப்பு இருக்கிறதே, மூக்கால் சிரிப்பது, பல்கலைக்கழகத்தில் கேட்ட அதே சிரிப்பு. ரிசீவரை வைத்துவிட்டு முழுக் கணக்கையும் முதலிலிருந்து சரிபார்க்க உட்கார்ந்தேன். எனக்கா? அவனால் எனக்கு என் கணக்கின் மேல் சந்தேகமா?

ஜூன் 25, விடுமுறை

தங்கை டோன்ச்காவின் திராட்சைத் தோட்டத்தில். பூசணி விதை எண்ணெய் ஊற்றிய பீன்ஸ் சாலட், சோடா கலந்த வெள்ளை ஒயின், வெயில். ஊரே தேசிய நாளைக் கொண்டாடுகிறது, நான் கூரையைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவள் காலி ஊறுகாய் பாட்டில்களைக் கழுவிக்கொண்டே கேட்டாள்:

"உனக்கு அந்தக் கூரை மேல கோவமா, அந்தாளு மேல கோவமா?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணு இல்லடி. கூரைக்கு உன்னைத் தெரியாது."

சும்மா இருக்கமாட்டாமல் அவள் கழுவி வைத்த பாட்டில் மூடி ஒன்றை எடுத்து நடுமத்தியில் விரலால் அழுத்தினேன். அசையவில்லை. இன்னும் அழுத்தினேன், அசையவில்லை. விரல் கொஞ்சம் சறுக்கியது. டப்.

அடச்சீ. இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் இருந்துகொண்டு! கணினிக்குள் இருக்கும் கூரை அப்பழுக்கில்லாதது. எந்தப் பக்கம் சாய்வது என்று அதற்குத் தெரியாது, அதனால் சாயாமலே நிற்கிறது. முழுசாகப் போட்டால் மட்டும் போதாது. ஒரு பக்கம் ஒரு சின்ன நசுங்கலைக் கொடுத்துவிட்டுப் போடவேண்டும். இதை மாணவர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கோபத்தில் மூளை ஆவியாகிப் போயிருக்கிறது.

சாப்பாட்டை முடிக்காமல் கிளம்பினேன். டோன்ச்கா கோபித்துக்கொண்டாள்.

ஜூலை 2

முதல் நசுங்கல்: இரண்டே முக்கால் மடங்கு. இரண்டரைக்கு மேல், விழவில்லை என்றுதான் சொல்வான். இடத்தை மாற்றினேன், அளவை மாற்றினேன். கடைசியில் ஒன்று. கூரையின் ஒரு பக்கம் கான்கிரீட் தடிமன் அளவுக்கே தாழ்ந்தும் எதிர்ப்பக்கம் அதே அளவு உப்பியும். ஒன்றரை மடங்குக்கும் கீழே போய், கூரை ஒரு பக்கமாகக் கவிழ்ந்து உள்ளே விழுந்தது. திரையில் அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். பார்க்க நன்றாக இருந்தது.

ஜூலை 8

நசுங்கல் கணக்கை அனுப்பிய அன்றே ப்ரெடாவுக்கு அவனிடமிருந்து போன். ஒலிபெருக்கியில் போட்டாள், நான் இருப்பது அவனுக்கும் தெரியும்.

"கூரையை அவங்களே ஒரு குத்து குத்தி நசுக்கறாங்க. அப்புறம் விழுந்துடுச்சுன்னு நம்மகிட்ட வந்து அழறாங்க. அந்த மாதிரி நசுங்கல் எங்க இருக்கு? ஃபிக்ரெட்டோட பசங்க என்ன தூங்கிக்கிட்டா சென்ட்ரிங் அடிக்கறாங்க?"

நான் சொன்னேன்: "எல்லாக் கூரையிலயும் இருக்கும். நீ— நீங்க இதத்தான் பாடமா எடுக்கறீங்க."

"பாடம் எடுக்கறேன். பழி தீக்கறதுக்கு எடுக்கல."

போனை வைத்த பிறகு ப்ரெடா கதவைச் சாத்தினாள். "உங்க ரெண்டு பேரு கதை ஊருக்கே தெரியும், மிலோய்கா. வேற யாரு இத சொல்லியிருந்தாலும் நான் இந்நேரம் வேலைய நிறுத்தியிருப்பேன். நீ சொல்றதாலதான் யோசிக்கறேன். கோச்சுக்காத."

கோபித்துக்கொண்டேன்.

ஜூலை 9

எத்தனை நசுங்கல் முயன்றேன்? கூரை விழும்வரை முயன்றேன். விழாதபோது ஏமாற்றமாக இருந்ததா இல்லையா? இருந்தது. சரி, அப்படியென்றால் நான் யார்? ஆய்வாளரா, கல்லெடுத்து அடிப்பவளா?

ஆனால் மெல்லோட்டைச் சோதிப்பதே அப்படித்தானே. அதற்கு எது ஆகாதோ அதைத் தேடித்தேடிக் கொடுக்கவேண்டும். நல்லெண்ணத்தோடு பார்த்தால் எல்லாக் கூரையும் நிற்கும். இது நியாயமா, நான் எனக்குச் சொல்லிக்கொள்ளும் சமாதானமா? தெரியவில்லை. அந்தக் குளத்தில் குழந்தைகள் நீந்தப்போகிறார்கள். அது மட்டும் தெரியும்.

ஜூலை 10

ஒரே வழிதான். நானாக வைக்கும் நசுங்கல் வேண்டாம், அங்கே உண்மையில் இருப்பதை அளந்துவிடவேண்டும். ப்ரெடாவிடம் கேட்டேன். நல்ல கூரையாக இருந்தால் கையெழுத்துப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். "வாயை மூடுவியா? எழுதிக் குடு" என்றாள்.

ஜூலை 22

யெலோவெட்ஸ். சென்ட்ரிங் முழுக்க அடித்தாகிவிட்டது. கீழே காடு மாதிரி முட்டுக் கம்பங்கள், மேலே பலகையாலான பெரிய வளைவு. அதன் மேல்தான் அடுத்த மாதம் கான்கிரீட் வரும். சர்வேயரை அழைத்துப்போய் பலகை முழுக்கப் புள்ளி புள்ளியாக அளக்கவைத்தேன். ஃபிக்ரெட் கூடவே வந்தான், பொஸ்னியாக்காரன், எதையும் விளையாட்டாகத்தான் எடுத்துக்கொள்வான்.

"என்ன மேடம், எங்க கூரைய நசுக்கவா வந்தீங்க? டாக்டர் சொன்னாரு, கையில சுத்தியல் இருக்கான்னு பாக்கச் சொன்னாரு."

"வாயில இருக்கு."

"அது எல்லாருக்கும் தெரியும் மேடம்."

வடகிழக்கில் தரை கொட்டி நிரப்பிய மண். ஜூன் மழையில் அது அமுங்கியிருக்கிறது, முட்டுகளும் கூடவே இறங்கியிருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாது. சர்வேயர் எண்களைப் படிக்கப் படிக்க ஃபிக்ரெட்டின் சிரிப்பு மட்டும் குறைந்துகொண்டே வந்தது. அந்தப் பக்கம் கிட்டத்தட்ட கான்கிரீட் தடிமன் அளவுக்குத் தாழ்ந்திருக்கிறது.

ஜூலை 25

அளந்த வடிவத்தை அப்படியே உள்ளே கொடுத்தேன். பட்டியலில் அவன் பெயரைத் தேர்ந்தெடுத்தேன் (வசவு: மூக்கால் சிரிக்கும் பன்றி). ஒன்று புள்ளி மூன்று மடங்கு. அவ்வளவுதான். ஒரு கடும் குளிர்காலம் போதும்.

நாற்காலியிலிருந்து எழுந்து குதித்தேன். ஐம்பத்தெட்டு வயதில். அப்புறம் திரையில் அந்தக் கூரை கவிழ்ந்து கிடப்பதைப் பார்த்தேன், அதற்கடியில் நீலமாகக் குளத்தையும் வரைந்து வைத்திருக்கிறான் வரைபடக்காரன். உட்கார்ந்துவிட்டேன். இதற்கா குதித்தேன்?

படத்தோடு அறிக்கையை ப்ரெடாவுக்கும் அவனுக்கும் அனுப்பியாகிவிட்டது.

ஜூலை 27, ஞாயிறு

மாலையில் அழைப்பு மணி. கதவைத் திறந்தால் அவன். ல்யுப்ளியானாவிலிருந்து கார் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறான். என் வாசலில். என் வீட்டு வாசலில்!

ஷூவைக் கழற்றிவிட்டு, வழக்கப்படி வீட்டுக்குள் போடும் செருப்பு எடுத்துக் கொடுப்பேன் என்று நின்றான். விருந்தாளிச் செருப்பு நான்கு ஜோடி அவன் கண்ணெதிரிலேயே அடுக்கியிருந்தது. கொடுக்கவில்லை. காலுறையோடு குளிர்ந்த கல் தரையில் நின்றான், பெருவிரல் பக்கம் ஒரு ஓட்டை. எனக்கு அதில் அற்பமான ஒரு திருப்தி.

"உள்ள வரச் சொல்லமாட்டீங்களா?"

"வந்த விஷயத்தைச் சொல்லுங்க."

"உங்க அளவுப்படி தாழ்ந்திருக்கறது வடகிழக்கு. உங்க படத்துல விழறது தென்மேற்கு." கண்ணாடியை எடுத்துத் துடைத்தான். "கூட்டல் கழித்தல் சரியாப் பாத்தீங்களா?"

காதில் ரத்தம் ஏறியது. இத்தனை வருஷம் கழித்து, என் வாசலில் வந்து நின்று, அதே கதை! என்ன சொன்னேன் என்று முழுசாக நினைவில்லை. கத்தினேன். "கால்வாசி போடற திமிரு உனக்கு, குறி பாக்கறது எனக்கா? திருடித் தின்னவன் என் வீட்டுக்கு வந்து தட்டு சுத்தமா இருக்கான்னு பாக்கறியா? வெளிய போடா!" என்று கத்தினேன். எதிர்வீட்டுக் கிழவர் ஜன்னலைத் திறந்தார். அவன் ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனான்.

ஜூலை 28

குறி தப்பு.

சர்வேயர் தாழ்வைக் கூட்டலாக எழுதியிருக்கிறான். எங்கள் நிரலில் மேலே போவதுதான் கூட்டல். நான் அப்படியே கொட்டியிருக்கிறேன். தாழ்ந்திருந்த பக்கம் என் கணக்கில் உப்பியிருக்கிறது. விழுந்தது எதிர்ப்பக்கம் என்று திரையில் என் கண்ணாலேயே பார்த்தேன். உறுத்தியிருக்கவேண்டாமா? குதித்துக்கொண்டிருந்தேன்.

குறியை மாற்றி மறுபடி போட்டேன். விழவில்லை என்றால் என் பெயர் இந்த நாட்டில் செல்லாக்காசு.

விழுகிறது. இந்த முறை வடகிழக்கில், முன்னைவிடக் கொஞ்சம் சீக்கிரமாகவே. யோசித்தால் ஆச்சரியமில்லை. ஒருபக்கமாகச் சாயும் கூரைக்குக் குறி எதுவானாலும் ஒன்றுதான், எந்தப் பக்கம் விழும் என்பது மட்டுமே மாறும்.

ஆக, விடை சரி. வழி தப்பு. சொல்லாமல் விட்டால்? படத்தை மட்டும் மாற்றிவைத்தால் ப்ரெடாவுக்குத் தெரியாது, மேயருக்குத் தெரியாது. தெரிந்தால் என்ன சொல்வார்கள்? கூட்டல் கழித்தல் தெரியாத பெண்பிள்ளை பேச்சைக் கேட்டா கான்கிரீட்டை நிறுத்துவது என்பார்கள். கூரை அப்படியே போடப்படும். சொன்னால் ஆபத்து எனக்கு மட்டும் இல்லை, கூரைக்கும்தான்.

ஆனால் அவனுக்குத் தெரியும்.

ஜூலை 29

சொல்லிவிட்டேன். முதலில் ப்ரெடாவிடம். தலையில் கைவைத்துக்கொண்டாள். "இத அந்தாளு மேயர்கிட்ட போய்ச் சொன்னா முடிஞ்சுது. எல்லாம் முடிஞ்சுது." பிறகு அவனுக்குப் போன். காலைச் சிற்றுண்டி நேரம், வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தான்.

"குறி தப்பாதான் இருந்துச்சு," என்றேன்.

"தெரியும்."

"திருத்திப் போட்டேன். அப்பவும்—"

"தெரியும். நேத்தே ரெண்டு விதமாவும் போட்டுட்டேன். முழுக் கூரை."

"ரெண்டுலயும்?"

"ரெண்டுலயும் விழுது." மெல்லுவதை நிறுத்தவில்லை. "வேற ஏதாவது இருக்கா?"

"இல்ல."

வைத்துவிட்டான். மன்னிப்பு இல்லை, நீங்கள் சொன்னது சரி என்று ஒரு வார்த்தை இல்லை. ஆனால் முழுக் கூரை போட்டிருக்கிறான். அதுவும் ஞாயிறு மாலை என் வாசலில் வாங்கிக் கட்டிக்கொண்டு போன பிறகு.

திருத்திய அறிக்கையில், முந்தையதில் குறி தவறு என்று ஒரு வரியும் சேர்த்து அனுப்பினேன். இனி அவன் கையில் கத்தி.

ஆகஸ்ட் 12

யெலோவெட்ஸில் கூட்டம். மேயர் ஆரம்பித்ததே அதில்தான்: "அம்மாவோட கணக்குல தப்பு இருந்துச்சாமே? கூட்டல் கழித்தலே மாறிப்போச்சாமே?"

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். நான் மேசையைப் பார்த்தேன். எத்தனை ஊரில் சொல்லிச் சிரித்த கதை, இங்கே சொல்ல இதைவிட நல்ல நேரம் அவனுக்குக் கிடைக்காது.

"ஆய்வாளர் அத அவங்களே திருத்தி அனுப்பிட்டாங்க," என்றான். "விடை மாறல." அவ்வளவுதான். பையிலிருந்து புது வரைபடத்தை எடுத்து விரித்தான். வடகிழக்கு முட்டுகளை ஜாக்கி வைத்துத் தூக்கவேண்டும், கூரையின் ஓரம் முழுக்கத் தடித்த விளிம்பு ஒன்று, அங்கிருந்து உள்நோக்கிக் கான்கிரீட் படிப்படியாகக் கூடுதல் தடிமன். "எனக்கே ரொம்ப நாளா ஒரு யோசனை. இந்த விளிம்பு வந்தா நிழல் அழகா விழும். பாக்கறதுக்கும் கம்பீரமா இருக்கும்."

அழகா? நிழலா? என் அறிக்கையில் கடைசிப் பக்கம் நான் வரைந்து காட்டிய விளிம்பு அது! மேயர், "ஆகா, இதுதான் அனுபவம்" என்று அவன் தோளைத் தட்டினார். ப்ரெடா மேசைக்கடியில் என் காலை மிதித்தாள்.

ஆகஸ்ட் 14

புது வடிவத்தைக் கணக்கிட்டேன், நசுக்கி, சாய்த்து, இரண்டு குறியிலும், எனக்குத் தெரிந்த அத்தனை அழிச்சாட்டியமும் செய்து. இரண்டு புள்ளி எட்டுக்குக் கீழே போகமாட்டேன் என்கிறது. கையெழுத்துப் போட்டேன். பேனா காகிதத்தைக் கிழித்துவிட்டது. திருட்டு நாய்.

ஆகஸ்ட் 15, மாதா திருநாள் விடுமுறை

வெள்ளரிக்காய் ஊறுகாய். ஒவ்வொரு மூடியையும் அழுத்திப் பார்த்தேன். டோன்ச்கா, "அத விட்டுத் தொலையேன்" என்றாள்.

செப்டம்பர் 9

கான்கிரீட் போட்டுவிட்டார்கள். மழை இல்லை.

அக்டோபர் 21

இன்று முட்டுப் பிரித்தார்கள். கூரை முடிந்தால் வைக்கும் வழக்கப்படி அதன்மேல் காகிதப் பூ கட்டிய சின்ன ஊசியிலை மரம். வெளியே நகராட்சி பேண்டு வாத்தியம், முழுப் பன்றி ஒன்று கம்பியில் சுற்றிக்கொண்டிருந்தது. முட்டு இறக்கும்போது கூரையைக் கணக்கிட்டவன் அதனடியில் நிற்கவேண்டும் என்பது இங்கே இன்னொரு வழக்கம். யாரும் எழுதிவைக்கவில்லை, யாரும் மீறியதும் இல்லை. நிற்காதவனுக்கு அடுத்த வேலை வராது.

குளத்தின் தரையில், நடுமத்தியில், சுண்ணாம்பால் சிலுவைக்குறி போட்டு வைத்திருந்தான் ஃபிக்ரெட். அங்கே நிற்பது பார்க்கத்தான் வீரம். கூரை நடுவில் விழாது என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். ஸ்ரெச்கோ தலைக்கவசம் போட்டுக்கொண்டு அங்கே போய் நின்றான். மேயர் வாசலுக்கு வெளியே, பத்திரிகைக்காரர் காமிராவோடு. நான் ப்ரெடாவோடு தடுப்புக்கு அப்பால். நல்லா நடிக்கறான், பாரு, என்று ப்ரெடாவிடம் சொன்னேன். படம் எடுத்தார்கள்.

ஃபிக்ரெட் கையைத் தூக்கினான். ஆட்கள் நடுவிலிருந்து தொடங்கி முட்டுகளின் திருகை ஒரே சீராகத் தளர்த்த ஆரம்பித்தார்கள். பலகை முனகியது.

அப்போது அவன் அந்தச் சுண்ணாம்புக் குறியிலிருந்து நகர்ந்தான். முட்டுகளுக்கு நடுவே குனிந்து குனிந்து நடந்துபோனான். "டாக்டர், எங்க போறீங்க? இங்கதான் நிக்கணும்!" என்று ஃபிக்ரெட் கத்தினான். அவன் திரும்பவில்லை. வடகிழக்குப் பக்கம் போய், ஓரிடத்தில் மேலே பார்த்து, ஓரடி தள்ளி, மறுபடி மேலே பார்த்து நின்றான்.

எந்த இடம் என்று எனக்குத் தெரியும். திரையில் எத்தனை முறை பார்த்திருக்கிறேன். விளிம்பு இல்லாமல் போட்டிருந்தால் முதலில் உள்ளே மடங்கும் இடம் அதுதான், ஒரு கட்டம் கூடப் பிசகாமல். இந்த உலகத்தில் அதைத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். மேயருக்கு அது வெறும் மூலை. பத்திரிகைக்காரருக்கு வெளிச்சம் போதாத இடம்.

ப்ரெடா என் கையைப் பிடித்தாள், விடுவித்துக்கொண்டேன். தலைக்கவசம் கூட எனக்குப் பெரிதாக இருந்தது, பிடித்துக்கொண்டே ஓடினேன்.

"நீங்க எதுக்கு வந்தீங்க?" என்றான். "ஆய்வாளர் நிக்கணும்னு வழக்கம் இல்லையே."

"குறி மறுபடி தப்பா இருந்தா? எந்தப் பக்கம்னு பாக்க வந்தேன்."

"அப்ப நீங்க தென்மேற்குல போய் நில்லுங்க."

"தள்ளி நில்லுங்க. கால மிதிக்கறீங்க."

தள்ளி நின்றான். திருகுகள் ஒவ்வொன்றாக இறங்கின. மேலே எங்கோ மரம் சடாரென்று முறிவது போல ஒரு சத்தம், அவன் என் கையைப் பிடிக்கவில்லை, நானும் அவன் கையைப் பிடிக்கவில்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அண்ணாந்தோம். முட்டின் தலை கான்கிரீட்டை விட்டுப் பிரிந்து, நடுவில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. கூரை தானாக நின்றுகொண்டிருந்தது. தூசி என் கண்ணில் விழுந்ததால் தண்ணீர் வந்தது. தூசிதான்.

அவன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "அந்த மூணு மாசம். உங்க குறிப் பிழையத் திருத்தறதுக்கு ஆச்சுன்னு சொன்னேன் இல்ல."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு மத்தியானம்தான் ஆச்சு."

சொல்லிவிட்டு முட்டுகளுக்கு நடுவே குனிந்து வெளியே போய்விட்டான். விருந்தில் வேறு மேசையில் உட்கார்ந்து, விளிம்பின் நிழலைப் பற்றி மேயருக்கு விளக்கிக்கொண்டிருந்தான். நான் பன்றியிறைச்சியை இரண்டு தட்டு தின்றேன். ஒரு மத்தியானம்! ஒரு மத்தியானத்துக்காக என் பேர் போனது. இருபத்தெட்டு வருஷம் அதை வயிற்றில் வைத்திருந்து, தலைக்கு மேல் கூரை தொங்கும்போதுதான் இவனுக்குச் சொல்ல வந்திருக்கிறது. தூங்கமுடியாது இன்றைக்கு.

டிசம்பர் 3

இந்த நோட்டைத் திறந்து ஒரு வருஷத்துக்கு மேல். குளம் திறந்த பின் முதல் குளிர்காலம், முந்தாநாளிலிருந்து நிற்காத பனி. நேற்று அலுவலகம் முடிந்ததும் யெலோவெட்ஸுக்கு ஓட்டிக்கொண்டு போனேன், சும்மா. குளத்தின் வாகன நிறுத்தத்தில் ல்யுப்ளியானா எண் போட்ட கார் ஒன்று ஏற்கெனவே நின்றது, மேலே நல்ல கனத்துக்குப் பனி. உள்ளே விளக்கு வெளிச்சத்தில் குழந்தைகள் நீந்திக்கொண்டிருந்தார்கள். அவன் இறங்கவில்லை. நானும் இறங்கவில்லை. இரண்டு பேரும் தனித்தனியாகக் கூரையைப் பார்த்துவிட்டுப் போனோம்.

இன்று புது வேலை. மெல்லோட்டுத் தானியக் கிடங்கு ஒன்று. காலையில் பட்டியலைத் திறந்து, கட்டத்தைத் தேர்ந்தெடுத்து, கணக்கை ஓடவிட்டேன். முழுக் கிடங்கு. ஓட ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் ப்ரெடா எட்டிப் பார்த்து, "என்ன இன்னிக்கு, உடம்பு சரியில்லையா? சத்தத்தையே காணோம்" என்றாள். அப்போதுதான் உறைத்தது, திட்டவில்லை என்று.

எழுந்துபோய்க் காபி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து, நிதானமாகத் திட்டினேன்.